பலெர்மோ, கிரனாடா, மான்பெலியே: படிக்கப் போவது எந்த ஊருக்கு?

மே மாதம் பிறந்தால் போதும், இன்பாக்ஸில் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிடும். "அக்கா, இத்தாலியில ஃபீஸே இல்லையாம், ஸ்பெயின்ல ரொம்பக் கம்மியாம், பிரான்ஸ்ல படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் வேலை தேடலாமாம். எதுக்குப் போகட்டும்?" மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுத்தால், அக்டோபரில் கையில் காசில்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

ரோம், பார்சிலோனா பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் மத்தியதரைக் கடல் பக்கம் இருக்கும், அவ்வளவாகப் பேசப்படாத மூன்று பழைய ஊர்களை எடுத்துக்கொள்கிறேன்: சிசிலியின் பலெர்மோ, தென் ஸ்பெயினின் கிரனாடா, தென் பிரான்ஸின் மான்பெலியே. பலெர்மோவில் நான் இரண்டு வருடம் படித்தேன். மற்ற இரண்டிலும் நண்பர்கள் வீட்டு சோஃபாவில் வாரக்கணக்கில் படுத்திருக்கிறேன். பலெர்மோ பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

தரவரிசை எண்ணை நான் இதில் சேர்க்கவில்லை. உங்கள் துறைக்கு அந்த ஊரில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள், அது போதும். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, செப்டம்பரிலிருந்து மார்ச் வரை எந்த மாதம் எவ்வளவு பணம் கையில் வேண்டும். மொத்தச் செலவு எவ்வளவு என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வார்கள். அது எப்போது போகும், உதவித்தொகை எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, வகுப்பு எந்த மொழியில், ஊர் எந்த மொழியில். இரண்டும் ஒன்றல்ல. மூன்றாவது, வீடு. வாடகை எவ்வளவு என்பதைவிட எழுத்தில் ஒப்பந்தம் தருவார்களா என்பது முக்கியம். நான்காவது, காகித வேலை. ஐந்தாவது, படிப்பு முடிந்த பின் எவ்வளவு காலம் தங்கலாம், எந்த வேலைக்கு.

யூரோவை நூறு ரூபாய் என்று வைத்து மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

| | பலெர்மோ | கிரனாடா | மான்பெலியே |
|---|---|---|---|
| கட்டணம் | குடும்ப வருமானத்தைப் பொறுத்து. குறைந்த வருமானத்துக்கு ஏறக்குறைய இல்லை | கிரெடிட் (பாட அலகு) கணக்கு. அரசு முதுகலைக்கு 60 கிரெடிட்டுக்குச் சுமார் 820 யூரோ | வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். முதுகலைக்கு ஆண்டுக்கு 3,770 யூரோவில் தொடங்கியது, ஏறிக்கொண்டிருக்கிறது |
| பெரிய மறைசெலவு | உதவித்தொகை வரும்வரை தாக்குப்பிடிக்கும் பணம் | காப்பீடு, சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு, அரியர் | முதல் மாத அட்வான்ஸ் |
| வாடகை | குறைவு | குறைவு | அதிகம் |
| படிக்கும்போது வேலை | வாரம் 20 மணி | வாரம் 30 மணி வரை | ஆண்டுக்கு 964 மணி |
| முடித்த பின் | ஓராண்டு வரை | ஈராண்டு வரை | இந்தியர் முதுகலை முடித்தால் ஈராண்டு வரை |

## பலெர்மோ: பணம் வரும், ஆனால் பிறகு வரும்

இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுகின்றன. அதற்கு 'ஈசே' என்றொரு எண் உண்டு. வருமானம், சொத்து, வீட்டில் எத்தனை பேர் என்பதை வைத்துக் கணக்கிடுவது. வெளிநாட்டு மாணவருக்கு அதன் தனி வடிவம் இருக்கிறது. அந்த எண் 22,000 யூரோவுக்குள் இருந்தால் நாடு முழுக்கக் கட்டண விலக்கு உண்டு; பிராந்திய வரி, முத்திரை என்று சில்லறைதான் மிஞ்சும். தமிழ்நாட்டில் இரண்டு பேர் சம்பளம் வாங்கும் சாதாரண வீடுகூடப் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

இதற்கு மேல் பிராந்திய உதவித்தொகை. வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 7,000 யூரோ. விடுதி அறையும் கேன்டீன் சாப்பாடும் கிடைத்தால் அதன் மதிப்பு இதில் கழியும். கேட்கும்போது இனிக்கும். அதற்குள் மூன்று கண்ணி இருக்கிறது.

ஒன்று, ஆவணம். தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்றை மட்டும் நீட்டினால் வேலைக்காகாது. அப்பா, அம்மா, கூட இருக்கும் அண்ணன் என ஒவ்வொருவர் வருமானமும், வீடு, நிலம், வங்கி இருப்பும் சான்றுகளாக வேண்டும். அத்தனைக்கும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் சான்று முத்திரை), அத்தனைக்கும் இத்தாலிய மொழிபெயர்ப்பு. அதையெல்லாம் எடுத்துக்கொண்டு இத்தாலியில் 'காஃப்' என்ற வரி உதவி மையத்துக்குப் போனால் எண்ணைக் கணக்கிட்டுத் தருவார்கள். பிரான்ஸிலும் 'காஃப்' உண்டு, அது வீட்டு வாடகைக்கு உதவும் அலுவலகம். இரண்டு நாட்டுக்கும் விண்ணப்பித்த ஒரு தம்பி இரண்டையும் குழப்பி எனக்கு அனுப்பிய மெசேஜை இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டு, வீட்டு ஒப்பந்தம். 'வெளியூர் மாணவர்' என்ற முழுத்தொகை வேண்டுமானால் குறைந்தது பத்து மாதத்துக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். பழைய நகரத்தில் பல வீட்டுக்காரர்கள் வரிக்குப் பயந்து பதிவு செய்ய மாட்டார்கள். அதை அங்கே 'இன் நேரோ', அதாவது கறுப்பில், என்கிறார்கள். நம் ஊரிலும் அதே நிறம்தான். வாடகையில் ஐம்பது யூரோ குறைத்துக் கறுப்பில் வீடு தருவார்கள். ஒப்பந்தம் இல்லாததால் உதவித்தொகையில் ஆயிரக்கணக்கில் போய்விடும்.

இதை எனக்கு முதலில் சொன்னது பல்லாரோ சந்தையில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து மாமா. அரிசி வாங்கப் போனேன். பில் போடாமல் என்னையே பார்த்துவிட்டு, "பிள்ளை, வீடு எடுக்கிறதெண்டால் முதல்ல ஒப்பந்தம் எழுதித் தருவினமோ எண்டு கேளுங்கோ. பிறகு வாடகையைக் கதைப்பம்" என்றார். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் குடியேறிய ஊர் பலெர்மோ. பெல்லெக்ரினோ மலைக்குகையில் இருக்கும் புனித ரொசாலியா கோயிலுக்குக் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்துத் தமிழர்களும் நடந்து ஏறுகிறார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று சிசிலிக்காரர்கள் கும்பிடும் அந்தப் புனிதையின் படம் மாமாவின் கல்லாவுக்கு மேலே முருகன் படத்தோடு இருந்தது. தனியாகப் போகும் பிள்ளையின் அம்மாவுக்கு இந்த ஒரு விஷயம் தரும் நிம்மதி மற்ற இரண்டு ஊரிலும் கிடைக்காது.

மூன்றாவது கண்ணி, கிரெடிட். பொதுவிதிப்படி முதலாண்டு மாணவர் ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் முடித்தால்தான் இரண்டாம் தவணை. நவம்பர் 30க்குள்ளும் முடிக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பிராந்தியத்துக்குப் பிராந்தியம் கொஞ்சம் மாறும், அறிவிக்கையைப் படியுங்கள். தேர்வுகளில் பாதி வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து முப்பதுக்கு மதிப்பெண் போடுவார், 18 பாஸ். பிடிக்கவில்லை என்றால் மதிப்பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வரலாம். எழுதியே பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதல் தவணை டிசம்பரில் என்பது எழுத்தில். நான் எல்லாருக்கும் சொல்வது: மார்ச் வரை வரவே வராது என்று நினைத்து ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். முன்னதாக வந்தால் ஜெலாட்டோ வாங்கிச் சாப்பிடுங்கள்.

தங்கும் அனுமதி அட்டைக்கு இறங்கிய எட்டு வேலைநாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தபால் நிலையத்தில். அங்கே ஒரு பெரிய உறையைத் தருவார்கள், நிரப்பி 16 யூரோ முத்திரை ஒட்டிக் கொடுக்க வேண்டும். முத்திரையைச் சிகரெட் கடையில் போய் வாங்க வேண்டும். நம் ரெவின்யூ ஸ்டாம்புக்கு அண்ணன் அது. ஓராண்டு அட்டைக்கு எல்லாம் சேர்த்து 116.46 யூரோ. அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகும். விசா முடிந்து ரசீது மட்டும் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளைச் சுற்றிப் பார்க்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். அரசு மருத்துவத் திட்டத்தில் சேர மாணவருக்கு முன்பு ஆண்டுக்கு 150 யூரோவுக்குள் இருந்தது. 2024 முதல் 700. பலர் இப்போது தனியார் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பகுதிநேர வேலையை நம்பி வராதீர்கள். சிசிலியின் இளைஞர்களே வேலை தேடி வடக்கே போகிறார்கள்.

ஊர்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட ரோஜர் மன்னரின் அரண்மனைச் சிற்றாலயத்தில் கூரை அரபுத் தச்சர்களுடையது, சுவர் பைசாந்தியத் தங்க மொசைக். அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி தன் உலக வரைபடத்தை 1154இல் முடித்தது அந்த அரசவையில்தான். பல்கலைக்கழக நிர்வாகம் இருக்கும் ஸ்தேரி மாளிகை ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றம். கைதிகள் சுவரில் வரைந்த படங்களும் எழுதிய வரிகளும் இன்னும் இருக்கின்றன. தெருவில் கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்துப் பன்னில் வைத்துத் தருகிறார்கள், பெயர் பனெல்லே. சைவம். என் இரண்டு வருடத்தை ஓட்டியது அதுதான்.

## கிரனாடா: மொழி கற்கத் துணிந்தவருக்கு

1531இல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்தில் அதிகம் பேர் வந்து சேரும் இடங்களில் ஒன்று. அதனால் வெளிநாட்டு மாணவரைப் பார்த்து யாரும் திகைக்க மாட்டார்கள், அறை தேடும் பலகைகளும் குழுக்களும் ஏராளம்.

கட்டணம் கிரெடிட் கணக்கில். கிரனாடா இருக்கும் அந்தலூசியா பிராந்தியத்தில் அரசு நிர்ணயித்த முதுகலைக் கட்டணம் பெரும்பாலும் கிரெடிட்டுக்கு 14 யூரோவுக்குள். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அரியர். அதே பாடத்துக்கு இரண்டாம் முறை பதிவு செய்தால் விலை ஏறும், மூன்றாம் முறை இன்னும் ஏறும். இன்னொரு பொறி: 'ஒஃபிசியால்' என்ற சொல். ஸ்பெயினில் அரசு அங்கீகரித்த முதுகலை வேறு, பல்கலைக்கழகம் தன் பெயரில் தானே நடத்தும் 'பிரோப்பியோ' முதுகலை வேறு. இரண்டாவது விலையும் அதிகம், அதை வைத்து நேராக முனைவர் படிப்புக்கும் போக முடியாது. விளம்பரங்களில் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விசாவுக்கு மாதம் 600 யூரோ வீதம் இருப்புக் காட்ட வேண்டும், படிப்புக் காலம் முழுக்க மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். காப்பீட்டுக்காரர் ஓராண்டுத் தொகையை மொத்தமாகக் கேட்பது வழக்கம். சான்றிதழ்களை அரசு சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் மொழிபெயர்க்க வேண்டும், பக்கக் கணக்கில் காசு. ஆக கிரனாடாவில் பணம் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே போய்விடும். போய் இறங்கிய பின் செலவு கம்மி. பலெர்மோவுக்கு நேர் எதிர்.

மொழிதான் கிரனாடாவின் உண்மையான விலை. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் கொஞ்சமே. செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டுப் போனாலும் முதல் மாதம் காது அடைத்த மாதிரி இருக்கும். அந்தலூசியர்கள் சொல்லின் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள், 'கிராசியாஸ்' அங்கே 'கிராசியா'. ஆனால் ஆறு மாதம் தாங்கிவிட்டால் உலகின் எந்த ஸ்பானிஷும் புரியும் என்று அங்கிருந்த என் தோழி சொல்வாள். மொழிபெயர்ப்பு, அரபு, இடைக்கால வரலாறு படிக்கிறவருக்கு இந்த ஊரைப்போல் அமையாது. 1349இல் கிரனாடா சுல்தான் முதலாம் யூசுஃப் கட்டிய மதரஸா இன்று பல்கலைக்கழகத்தின் கையில். 1492இல் நகரத்தைப் பிடித்த அரசன் அரசியின் கல்லறை இருக்கும் சிற்றாலயம் அதற்கு எதிரிலேயே.

குளிரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. மத்தியதரைக் கடல் என்றதும் மெரினாவை நினைத்துக்கொண்டு போவார்கள். கிரனாடா கடலோரத்தில் இல்லை, சுமார் 700 மீட்டர் உயரத்தில், சியெரா நெவாதா பனிமலையின் மடியில் இருக்கிறது. ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அல்பைசின் பகுதியின் பழைய வெள்ளை வீடுகள் படத்தில் அழகு, உள்ளே ஐஸ்பெட்டி. தோழி வீட்டில் வட்ட மேசைக்குத் தரை தொடும் கனத்த துணி போர்த்தியிருந்தது. மேசைக்கடியில் ஹீட்டர். எல்லாரும் துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டுக்கொண்டு இடுப்புவரை வெந்து, முதுகு விறைக்க, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படித்து, அங்கேயே சண்டை போட்டோம். வாடகை பேசும்போது வெப்பமூட்டும் செலவு உள்ளடக்கமா என்று கேளுங்கள்.

பானம் வாங்கினால் தட்டு ஒன்று இலவசம் என்பது நிஜம். தட்டில் என்ன வரும் என்பது பல இடங்களில் கடைக்காரர் இஷ்டம். "இறைச்சி வேண்டாம்" என்றால் ஹாம் (பன்றித் தொடைக்கறி) போட்டுத் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது வேறு.

2022 குடியேற்ற விதிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வாரம் 30 மணிவரை வேலை செய்யலாம். சட்டம் தாராளம், ஊரில் வேலை இல்லை. இருக்கும் ஹோட்டல் வேலைக்கும் ஸ்பானிஷ் வேண்டும்.

## மான்பெலியே: விலை அதிகம், ஒளிவு குறைவு

2019இலிருந்து பிரான்ஸ் ஐரோப்பியர் அல்லாதவருக்கு இளங்கலைக்கு 2,770, முதுகலைக்கு 3,770 யூரோ என்று தனிக் கட்டணம் வைத்தது, அதன்பின் ஏறியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் சிலருக்கு விலக்கு தருகின்றன. சேர்க்கைக் கடிதம் வந்ததும் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கேட்காதவருக்கு யாரும் தரப்போவதில்லை.

வாடகை மற்ற இரண்டு ஊரையும் விட நன்றாகவே அதிகம். முதல் மாதம் வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்து விழும். பிரெஞ்சு வீட்டுக்காரர் பிரான்ஸில் சம்பளம் வாங்கும் ஒரு ஜாமீன்தாரரைக் கேட்பார். சித்தப்பா திருச்சியில் இருக்கிறார் என்றால் நடக்காது. அதற்கு வீட்டுக்காரரிடம் ஜாமீன் நிற்கும் 'விசால்' என்ற இலவசத் திட்டம் இருக்கிறது, விசா கிடைத்ததும் இணையத்தில் எடுத்துவிடலாம். வாடகை உதவி பற்றி எல்லாரும் பேசுவார்கள். உதவித்தொகை பெறாத ஐரோப்பியர் அல்லாத மாணவருக்கு அதை நிறுத்தும் முன்மொழிவு 2026 பட்ஜெட் மசோதாவில் வந்தது. அதைப் பட்ஜெட்டில் வரவாக எழுதாதீர்கள்.

திருப்பிக் கிடைப்பதும் உண்டு. அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவருக்கு இலவசப் பதிவு. மாணவர் கேன்டீனில் மலிவாக முழுச் சாப்பாடு. 2023 டிசம்பர் 21 முதல் ஊர்வாசிகளுக்கு டிராம், பஸ் இலவசம், மாணவரும் ஊர்வாசிதான். இரண்டு மாதத்துக்கு மேல் போகும் இன்டர்ன்ஷிப்புக்குச் சட்டப்படி பணம் தர வேண்டும்.

இங்கே மருத்துவக் கல்விக்கு 1220இல் விதிகள் எழுதப்பட்டன. இன்றும் இயங்கும் மருத்துவக் கல்லூரிகளில் பழையது என்கிறார்கள். பேராலயத்தை ஒட்டிய பழைய மடத்துக் கட்டடத்தில் இருக்கிறது, பக்கத்தில் 1593இன் தாவரவியல் தோட்டம். நம்மவருக்குப் பயன் வேளாண்மை, சூழலியல், நீர்வளம் பக்கம். அந்தத் துறைகளின் ஆய்வு நிறுவனங்கள் இங்கே குவிந்திருக்கின்றன, ஆங்கிலத்தில் முதுகலையும் அங்கேதான் கிடைக்கும். கோவையில் வேளாண்மை முடித்தவர் வேறு ஊரைப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

முதுகலை முடித்த இந்தியருக்கு ஈராண்டுவரை தங்கி வேலை தேடும் வாய்ப்பு 2018இல் கையெழுத்தான இருநாட்டு ஒப்பந்தத்தால் வந்தது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அது பொருந்தாது. ஈராண்டு இருந்தாலும் ஆய்வகத்துக்கு வெளியே பிரெஞ்சு இல்லாமல் வேலை கிடைப்பது அபூர்வம். புதுச்சேரியிலோ சென்னையிலோ அலியான்ஸ் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு வருடம் முன்பே சேர்ந்துவிடுங்கள்.

## யார் எங்கே

வீட்டு வருமானம் குறைவு, கடன் வாங்க விருப்பமில்லை, ஆறு மாதச் செலவை மட்டும் புரட்ட முடியும் என்றால் பலெர்மோ. தொல்லியல், கட்டடக்கலை என்றால் யோசிக்கவே வேண்டாம். அறிவியல் முதுகலை, பிறகு ஐரோப்பாவிலேயே வேலை என்றால் கல்விக் கடன் வாங்கியாவது மான்பெலியே. ஒரே ஒரு செமஸ்டர் பரிமாற்றமாகப் போகிறீர்கள், சான்றிதழ் இங்கேதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் கிரனாடா. முழுப் பட்டத்துக்கு அங்கே போவதற்குத் துறை சார்ந்த காரணம் வேண்டும். மதிப்பெண் நன்றாக இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன் ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைகளைப் பாருங்கள். மாதம் 1,400 யூரோ, கட்டணமும் அவர்கள் பொறுப்பு. பல படிப்புகளுக்கு விண்ணப்பம் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவில் முடிந்துவிடும்.

எந்த ஊர் என்று தீர்மானிக்கும் முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து 'குடும்பப் பெயர்' கட்டத்தைப் பாருங்கள். நம்மில் பலருக்கு அது காலி, டிகிரியில் இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால். இத்தாலியின் வரி எண்ணே குடும்பப் பெயரின் மூன்று எழுத்தில்தான் தொடங்கும். வங்கிக் கணக்கு, ஒப்பந்தம், உதவித்தொகை எல்லாம் அந்த எண்ணில். எனக்கு ஒரு படிவத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் என் பெயரே இரண்டு கட்டத்திலும் விழுந்து, நானும் நானும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நான்கு மாதம் ஆனது. பாஸ்போர்ட்டை மாற்றி வாங்க வேண்டுமானால் இப்போதே போய் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். அப்போஸ்டில் அதற்குப் பிறகு.